வேலி பயிரை மேய்ந்தால்

இராஜபாளையம் என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வருபவை பஞ்சாலைகளும் மாம்பழமும் வெண்ணிற நாய்களும் ஆகும். பால்போன்ற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாயினத்துக்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமை சேர்த்தது. அந்த நாயின் சிறப்பு அதன் வலிமை மட்டுமன்று. வீட்டாரையும் வேற்றாரையும் பிரித்தறியும் அறிவே அதன் சிறப்பு என்று வளர்ப்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். யாரைக் கடிக்க வேண்டும் என்பதைவிட யாரைக் கடிக்கக் கூடாது என்று அறிந்திருப்பதே நல்ல காவலுக்கு அடையாளம்.

நம் உடலுக்குள்ளும் இத்தகைய காவல் ஒன்று உண்டு. குருதியிலும் நிணநீரிலும் ஓயாது சுற்றிவரும் வெள்ளணுக்களே அந்தக் காவலர்கள். அவர்கள் இல்லையேல் ஒரு சிறு முள் குத்திய காயமே நம் உயிரைக் குடித்துவிடும். ஆயினும், அக்காவலர்கள் தம் வீட்டாரையே தாக்கத் தொடங்கும் நோய்களும் உள்ளன. அவற்றுள் மூளையையும் தண்டுவடத்தையும் நரம்புகளையும் தாக்குபவை மனிதரை நிலைகுலையச் செய்பவை. இந்நோய்களைப் பற்றி மருத்துவ உலகம் பெற்ற அறிவில் பெரும்பங்கு நாய்க்கடிக்குப் போட்ட ஊசியிலிருந்து பிறந்தது என்றால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும்.

எழுபதுகளின் இறுதியில், இராஜபாளையத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, நாய் கடித்துவிட்டால் வீட்டார் நோயைவிட ஊசிக்கே அதிகம் அஞ்சினர். ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்பது குழந்தைகளை அச்சுறுத்தும் சொல்லாகவே இருந்தது. எங்கள் தெருவில் பஞ்சாலை வேலைக்குச் சென்றுகொண்டிருந்த அண்ணன் ஒருவரைத் தெருநாய் கடித்துவிட்டது. நாள்தோறும் மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு வாரங்கள் ஆகும் வேளையில் காய்ச்சலும் தலைவலியும் கண்டன. அடுத்த சில நாள்களில் கால்கள் மரத்துப்போயின, சிறுநீர் பிரியவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை.

தெரு தன் தீர்ப்புகளை வழங்கத் தொடங்கியது. பத்தியத்தை மீறிக் கருவாடு தின்றுவிட்டான் என்றார்கள் சிலர். ஊசி போட்டவர் கை சரியில்லை என்றார்கள் வேறு சிலர். நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் விட்டதன் பலன் என்றார் ஒரு பெரியவர். பல மாதங்களுக்குப் பின் அந்த அண்ணன் கோலூன்றி நடந்தார். பிறகு ஒரு காலைச் சற்றே இழுத்தபடி மீண்டும் வேலைக்கும் சென்றார். எனினும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. யார் குற்றவாளி என்று தெரு முழுவதும் தேடியது. என்ன காரணம் என்று எவரும் தேடவில்லை.

காரணத்தைத் தேடியவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். பாரிஸ் நகரில் 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் தாம் உருவாக்கிய தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தயாரித்த மருந்து அது. சிறுவன் பிழைத்தான். நம் நாட்டில் கசௌலி மலையில் பணிபுரிந்த டேவிட் செம்பிள் என்பவர் 1911இல் வேறொரு முறையை வகுத்தார். விலங்கின் மூளையில் வளர்ந்த வைரஸைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து மருந்தாக்கும் முறை அது. நம் நீலகிரியில் 1907இல் தொடங்கப்பெற்ற குன்னூர் பாஸ்டர் நிலையமும் நரம்புத்திசுவிலிருந்து இத்தகைய தடுப்பு மருந்தைத் தயாரித்து வந்தது. இம்மருந்து காத்த உயிர்கள் எண்ணிலடங்கா. அந்த நன்றியைச் சொல்லிவிட்டே அதன் குறையைப் பேச வேண்டும்.

அம்மருந்தில், செயலிழந்த வைரஸுடன் ஆட்டின் மூளைத்திசுவும் கலந்தே உடலுக்குள் சென்றது. மின்கம்பியைச் சுற்றி உறை இருப்பதுபோல நரம்பிழையைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை இருக்கிறது. ஆட்டின் மயலினும் மனிதரின் மயலினும் பெரிதும் ஒத்தவை. நாள்தோறும் உள்ளே வந்த ஆட்டு மயலினை அயலான் என்று கண்ட காவலணுக்கள் அதனை எதிர்க்கப் பழகின. பழகியபின், அதே முகத்தை அந்த மனிதரின் சொந்த மூளையிலும் தண்டுவடத்திலும் கண்டன, அங்கும் பாய்ந்தன. சில இடங்களில் சில ஆயிரம் பேருக்கு ஒருவர், வேறு சில இடங்களில் சில நூறு பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இந்தத் துன்பம் நேர்ந்தது. எங்கள் தெரு அண்ணனுக்கும் இதுவே நேர்ந்திருக்க வேண்டும் என்று இன்று எண்ணுகிறேன். கருவாட்டுக்கும் நேர்த்திக்கடனுக்கும் இதில் யாதொரு பங்கும் இல்லை.

இந்த விபத்தைக் கண்டு மருத்துவர்கள் ஒரு கேள்வி எழுப்பினர். தீங்கு செய்தது மருந்திலிருந்த வைரஸா, அல்லது மூளைத்திசுவா? நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் நோயற்ற முயலின் மூளைத்திசுவைக் குரங்குகளுக்குப் பல மாதங்கள் திரும்பத் திரும்பச் செலுத்தினர். எந்த வைரஸும் இல்லாமலேயே அவற்றுள் சில நடை தளர்ந்தன. அவற்றின் மூளையில் மயலின் உறை அழிந்திருந்தது. 1933, 1935 ஆகிய ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகளே, மூளையைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் படிக்கும் வழியைத் திறந்தன. இன்றளவும் அந்த வழியில் ஆய்வுகள் நடைபெறுகின்றன. தாய்லாந்தில் இந்த ஊசியால் பாதிப்புற்றவர்களின் குருதியை ஆராய்ந்த ஹேமசுதா முதலானோர், மயலின் புரதத்துக்கு எதிரான பொருள்கள் அதில் மிகுந்திருந்ததை 1987இல் எடுத்துக்காட்டினர்.

காவலணுக்களுள் ‘டி செல்’ என்று ஒரு வகை உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் என்னும் சிறு சுரப்பியே அவற்றின் பயிற்சிக்கூடம். பயனற்ற உறுப்பு என்று நெடுங்காலம் கருதப்பட்ட அச்சுரப்பியின் பணியை 1961இல் ஜாக் மில்லர் வெளிக்கொணர்ந்தார். அங்கே வளரும் இளம் செல்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை தேர்வில் தவறி மடிகின்றன. தன் உடலையே கடுமையாகத் தாக்கக்கூடியவை அங்கேயே அகற்றப்படுகின்றன. குருத்துவக் கல்லூரியின் நீண்ட பயிற்சியை அறிந்த எனக்கு, இத்தனை கண்டிப்பான பயிற்சிக்கூடம் ஒன்று ஒவ்வொரு குழந்தையின் நெஞ்சிலும் இருப்பது பெருவியப்பாகவே தோன்றுகிறது.

ஆயினும் தேர்வு முழுமையானதன்று. மயலினைத் தாக்கவல்ல சில செல்கள் தப்பி வெளியேறுகின்றன. இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் பென்-நன், வெகர்லே, கோஹன் ஆகியோர் 1981இல் அத்தகைய டி செல்களைத் தனியே பிரித்து வளர்த்து, நலமான எலிகளுக்குச் செலுத்தினர். எலிகள் வாதமுற்றன. குற்றவாளி பிடிபட்டான் என்றே அன்று தோன்றியிருக்கும். ஆனால் பின்வந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையைக் காட்டின. மயலினை அடையாளம் காணும் டி செல்கள் நோயாளிகளிடம் மட்டுமின்றி நலமானவர்களிடமும் இருக்கின்றன. இதை வாசிக்கும் உங்களிடமும் எழுதும் என்னிடமும் அவை இருக்கக்கூடும். அவை அடங்கியிருப்பதற்கு ஒரு காரணம், அவற்றை அடக்கிவைக்கும் மற்றொரு வகை டி செல்கள். அந்த அமைதிக் காவலர்களை 1995இல் அடையாளம் காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்கர்களான மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

இந்தத் துறையில் தம் வாழ்நாளைச் செலவிட்டு வரும் இந்தியர் ஒருவர் உண்டு. விஜய் குச்ரூ என்பது அவர் பெயர். அரியானா மாநிலம் ஹிசாரில் கால்நடை மருத்துவம் பயின்றவர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையிலும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றி வருபவர். கால்நடை மருத்துவராகத் தொடங்கியவர் மனித மூளையின் காவலணுக்களை ஆராயும் அறிஞரானார். டி செல்களுக்குக் கடிவாளமாக விளங்கும் டிம்-3 என்னும் மூலக்கூறை அவருடைய குழு 2002இல் அறிமுகப்படுத்தியது.

என் சிந்தையைப் பெரிதும் தொட்டது அவர் குழு 2006இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. எஸ்டெல் பெத்தெல்லி முதலான ஆய்வாளர்கள் எலியின் இளம் டி செல்களை எடுத்து, டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் பொருளுடன் வளர்த்தனர். அவை அமைதிக் காவலர்களாக வளர்ந்தன. அதே இளம் செல்களுக்கு அதே பொருளுடன் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளையும் சேர்த்துக் கொடுத்தனர். இப்போது அவை டி.எச்.17 எனப்படும் போர்ச் செல்களாக மாறின. இந்த இன்டர்லூக்கின்-6 உடலில் காய்ச்சலும் அழற்சியும் ஏற்படும்போது மிகுவது. அதே ஆண்டில் வேறு இரு குழுக்களும் ஒத்த முடிவுகளை வெளியிட்டன.

அமைதி காப்பவனும் அழிப்பவனும் வெவ்வேறு குலத்தில் பிறந்தவர்கள் அல்லர். ஒரே இளம் செல், தனக்கு வந்துசேரும் செய்திக்கேற்ப இருவரில் ஒருவராகிறது. அந்தப் போர்ச் செல்லும் தீயது அன்று. பூஞ்சைகளிடமிருந்தும் பாக்டீரியாக்களிடமிருந்தும் நம் குடலையும் தோலையும் காப்பதில் அதற்கு இன்றியமையாத பங்கு உண்டு. அது தவறான இடத்தில், தவறான வேளையில், தன் கடமையையே செய்கிறது. செல்லுக்கு மனம் இல்லை. ஆகவே வஞ்சமும் இல்லை.

இந்த உண்மை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று என்பதை நான் திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் பணியாற்றியபோது கண்டேன். மணமாகி மூன்று ஆண்டுகளே ஆன இளம்பெண் ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியது. சில வாரங்களில் தெளிந்தது. மறு ஆண்டு கால்கள் கனத்து, படியேற முடியாமல் போயிற்று. மதுரைக்கு அழைத்துச் சென்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பின்னர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் என்றார்கள். காவலணுக்கள் மயலின் உறையைத் தாக்கும் நோய்.

பெண்ணின் தாய் என்னிடம் வந்தார். “சாமி, எம்மவ ரத்தத்துல இருக்கறதே எம்மவளுக்கு எதிரியாயிருச்சுன்னு டாக்டரு சொல்றாரு. நாங்க என்ன பாவஞ் செஞ்சோம், சாமி?” என்று அழுதார். சில நாள்கள் கழித்துப் பெண்ணின் மாமியாரும் வந்தார். “நோயை மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்க. வேலியே பயிரை மேஞ்ச கதைதான், வேற என்ன?” என்றார். ஒருவர் தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டார். மற்றவர் எதிர்வீட்டாரைக் குற்றவாளியாக்கினார். இருவருக்கும் நடுவே அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

வேலி பயிரை மேய்வது என்னும் பழமொழி நம்பிக்கைத் துரோகத்தைக் குறிப்பது. துரோகத்துக்கு மனம் வேண்டும், நோக்கம் வேண்டும். இந்நோயில் அவை எங்கே இருக்கின்றன? மருத்துவம் பயின்ற பங்கு இளைஞர் ஒருவரின் உதவியோடு நான் கற்றறிந்ததை, பெண்ணின் கணவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவர். “உங்கள் வீட்டு நாய் இருட்டில் உங்கள் பிள்ளையையே திருடன் என்று எண்ணிப் பாய்ந்துவிட்டால், பிள்ளை குற்றவாளியா?” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்ப யார் மேலயும் குத்தமில்லையா, சாமி?” என்றார். “யார் மேலயும் இல்லப்பா” என்றேன். அடுத்த மாதம் முதல் மனைவியை மதுரைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். அவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. குருடரையும் குற்றஞ்சாட்டவில்லை, பெற்றோரையும் குற்றஞ்சாட்டவில்லை. படைப்பிலுள்ள பொருள்களுக்கு அவற்றுக்குரிய இயல்பையும் செயலையும் இறைவன் உண்மையாகவே அளித்திருக்கிறார் என்பது புனித தாமஸ் அக்வினாஸின் போதனை. இரண்டாம் நிலைக் காரணங்கள் என்று இறையியல் மாணவர் பயிலும் பகுதி இது. காய்ச்சலுக்குக் காரணம் கிருமி என்று சொல்வதால் இறைவன் சிறுமையுறுவதில்லை. மாறாக, ஒவ்வொரு நோயிலும் இறைத்தண்டனையைத் தேடுவதே அவருடைய திருமுகத்தை நாம் மறைக்கும் செயலாகும்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. காரணத்தைப் பற்றிய அறிவையும் குற்றச்சாட்டாக மாற்றிவிடும் திறமை நமக்கு உண்டு. மிகுதியான உப்பு எலிகளில் இந்தப் போர்ச் செல்களைப் பெருக்கி நோயைக் கடுமையாக்குகிறது என்று 2013இல் குச்ரூ குழுவினரும் பிறரும் எழுதினர். மனிதரில் இது உறுதிப்படவில்லை. இதைக் கேட்டதும், ‘ஊறுகாய் தின்றாள், அதனால் வந்தது’ என்று புறப்பட்டால், கருவாட்டைக் குற்றம் சொன்ன அந்தத் தெருவுக்கே நாம் திரும்பிவிடுவோம். அமெரிக்கப் படைவீரர் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் தொற்றியபின் இந்நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. ஆனால் வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் எப்போதாவது இந்த வைரஸைப் பெற்றவர்களே. அவர்களுள் வெகு சிலருக்கே இந்நோய் வருகிறது. பல காரணங்கள் கூடும் இடத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்ட விரல் நீள்வது அறிவாகாது.

ஆய்வாளர்களின் பாதையும் நேரானதாக இல்லை. எலியில் நலம் தந்தது மனிதரில் தீங்கு செய்ததுண்டு. அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளைத் தடுத்த மருந்து, 1999இல் வெளியான ஆய்வில் நோயாளிகளின் நிலையை மோசமாக்கியதாகத் தெரிந்தது. மறுபுறம், மூளைக்குள் காவலணுக்கள் நுழையும் வாயிலை அடைக்கலாம் என்று 1992இல் எலிகளில் கண்டது, 2004இல் நடாலிசுமாப் என்னும் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டி செல்லையே குற்றவாளி என்று எண்ணியிருந்தவர்கள் வியக்க, பி செல் என்னும் மற்றொரு வகையை அகற்றும் ஆக்ரலிசுமாப் 2017இல் ஒப்புதல் பெற்றது. முழுமையான குணம் இன்னும் வரவில்லை. ஆனால் நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. தாம் உறுதியாக நம்பியதையும் சான்று மறுத்தபோது கைவிட்ட அந்தப் பணிவிலிருந்து மறையுரை ஆற்றுவோரும் கற்க வேண்டியது உண்டு.

நம் பங்குகளில் இத்தகைய நோயாளர் இருந்தால் நாம் செய்யக்கூடியவை சில. வெப்பம் கூடும்போது இந்நோயின் தளர்ச்சி பலருக்கு மிகும். ஆகவே சித்திரை வெயிலில் ஆலயத்துக்கு வருபவருக்கு மின்விசிறிக்கு அருகே ஓர் இருக்கையை ஒதுக்கலாம். நேற்று நடந்தவர் இன்று நடக்க முடியாமல் இருந்தால் நடிப்பு என்று எண்ணாதிருக்கலாம். வந்து வந்து போவது இந்நோயின் இயல்பு. ஜெபித்ததால் மருந்தை நிறுத்தலாம் என்று எவரேனும் சொன்னால் தடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பாதிப்பின் அளவைப் பொறுத்துச் சான்றிதழ் பெற அவர்களுக்கு வழிகாட்டலாம்.

நாய்க்கடியைப் பற்றியும் ஒரு சொல். பழைய ஊசியின் அச்சம் இன்று எவருக்கும் வேண்டியதில்லை. மூளைத்திசுவிலிருந்து செய்த அந்த மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இன்று போடப்படுவது செல் வளர்ப்பு முறையில் செய்த ஊசி. தொப்புளைச் சுற்றி அன்று, கையில் போடுவது. அரசு மருத்துவமனைகளில் தோலிடை ஊசியாக முதல் நாளும், அதன்பின் 3, 7, 28ஆம் நாள்களிலும் போடுகிறார்கள். கடித்தவுடன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காயம் ஆழமானால் கூடுதலாகத் தரவேண்டிய மருந்தை அவர் முடிவு செய்வார். வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது என்பதை மறக்கலாகாது.

பாதுகாப்பான அந்தப் புதிய ஊசியும் நரம்பு நோய்களுக்கான இன்றைய மருந்துகளும் ஒரே மனப்பாங்கிலிருந்து வந்தவை. ஊசி போட்டவரையோ, போட்டுக்கொண்டவரையோ, விதியையோ பழிப்பதோடு நின்றிருந்தால் இவை கிட்டியிருக்கமாட்டா. நடந்தது என்ன என்று சிலர் பொறுமையோடு கேட்டார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து அடுத்த தலைமுறை கேட்டது. துன்புறும் ஒருவரின் வீட்டு வாசலில் நிற்கும்போது நாம் கேட்கும் முதற்கேள்வி ‘இவர் என்ன செய்தார்?’ என்பதா, ‘இவருக்கு என்ன நேர்ந்தது?’ என்பதா? முதற்கேள்வி அந்த வீட்டுக் கதவைச் சாத்திவிடும். இரண்டாவது, நம்மை உள்ளே அழைத்துச் செல்லும்.